பசி இடைவெளி: போர்க்காலப் பிரிட்டனின் வீட்டுத் தோட்டங்கள்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, வாசிப்புக்காகத் திருத்தியது.)

இன்னைக்கு எபிசோடை ஒரு தோல்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். போன சித்திரையில் எங்க வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு க்ரோ பேக் வாங்கி அடுக்கினேன். தக்காளி, கத்தரி, அவரை எல்லாம் போட்டேன். தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், சொட்டு நீர்க் குழாய் என்று எதிலும் குறை வைக்கவில்லை. மே மாதக் கடைசியில் பன்னிரண்டில் பதினொன்று கருகிப் போச்சு. அம்மா மாடிக்கு வந்து பார்த்துவிட்டு ஒரே வரிதான் சொன்னாங்க: "ஆடியில போட வேண்டியத சித்திரையில போட்டா செடி என்னடா பண்ணும்?"

நான் மண், தண்ணீர், இடம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருந்தேன். தேதியை மட்டும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வீட்டுத் தோட்டங்களின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோது, இதே தப்பை ஒரு நாடே பண்ணியிருக்கு என்று தெரிந்தது. அதுவும் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில். அந்தக் கதைதான் இன்னைக்கு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் நடந்த 'டிக் ஃபார் விக்டரி' இயக்கம். 'வெற்றிக்காக மண்ணைத் தோண்டு' என்று சொல்லலாம்.

ஒரு தீவின் சாப்பாட்டுக் கணக்கு

1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் ஜெர்மனி மேல் போர் அறிவித்தது. அப்போது அந்த நாட்டுக்குள் வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டன் உணவு கப்பலில் வந்துகொண்டிருந்தது. கனடாவின் கோதுமை, நியூசிலாந்தின் வெண்ணெய், டென்மார்க்கின் பன்றி இறைச்சி, நம்ம பக்கத்துத் தேயிலை. சாப்பிடுவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து வந்தது. பேரரசு வைத்திருப்பதன் சௌகரியம் அது. ஆனா அட்லாண்டிக் கடலுக்கடியில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருக்கும்போது அதே சௌகரியம் பெரிய பலவீனமாக மாறுது.

ஒரு மாசம் கழித்து, 1939 அக்டோபரில், வேளாண்மை அமைச்சர் ரெஜினால்ட் டார்மன் ஸ்மித் வானொலியில் பேசினார். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இவர் திரும்ப வருவார். அவருடைய கோரிக்கை இதுதான்: நாட்டில் இன்னும் 5 லட்சம் தோட்டத் துண்டுகள் வேண்டும். அவற்றை ஒழுங்காகப் பயிர் செய்தால் 10 லட்சம் பெரியவர்களுக்கும் 15 லட்சம் குழந்தைகளுக்கும் வருஷத்தில் 8 மாதத்துக்குத் தேவையான உருளைக்கிழங்கும் காய்கறியும் கிடைக்கும்.

இந்த வாக்கியத்தில் எல்லாருடைய கண்ணும் லட்சங்கள் மேல்தான் போகும். எனக்கு உறுத்தியது அந்த '8 மாதம்'. சரி, மீதி 4 மாதம்?

ஆறேகால் சென்ட்

'தோட்டத் துண்டு' என்று நான் சொல்வதை அங்கே 'அலாட்மென்ட்' என்பார்கள். வீட்டில் கொல்லை இல்லாதவர்களுக்கு நகராட்சி குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் சின்ன நிலம். அதற்கு வழக்கமான அளவு 10 ராட். நம்ம கணக்கில் சரியாக ஆறேகால் சென்ட், அதாவது ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் அதிகம். சுமார் 90 அடி நீளம், 30 அடி அகலம்.

போர் தொடங்கியபோது ஏறத்தாழ 8 லட்சமாக இருந்த இந்தத் துண்டுகள், 1943 வாக்கில் 14 லட்சம் ஆயின. இது போக, வீட்டுப் புல்வெளிகளையும் ரோஜாப் பாத்திகளையும் கொத்திப் போட்டவர்கள் தனி. லண்டன் டவரின் அகழியில் காய்கறி போட்டார்கள். ஹைட் பார்க்கில் பாத்தி கட்டினார்கள். கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் குண்டு விழுந்து தரைமட்டமான இடங்களில் செங்கல் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு விதை போட்டார்கள். 1941 கோடையிலிருந்து கடிகாரங்களை வழக்கமான நேரத்தைவிட 2 மணி நேரம் முன்னால் நகர்த்தினார்கள். அதனால் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. பாக்டரியில் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போக முடிந்தது.

ஆக, இடம் கிடைத்தது, ஆள் கிடைத்தது, உற்சாகமும் கிடைத்தது. அப்போ பிரச்சினை எங்கே?

வெங்காயம் இல்லாத குளிர்காலம்

போருக்கு முன்னால் பிரிட்டன் சாப்பிட்ட வெங்காயத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது. பிரான்சின் பிரிட்டனி கரையிலிருந்து வியாபாரிகள் சைக்கிளில் வெங்காயச் சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு இங்கிலாந்துத் தெருக்களில் விற்பார்கள். ரொம்பச் சாதாரணமான பொருள். யாரும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

1940 ஜூன் 22 அன்று பிரான்ஸ் ஜெர்மனியோடு போர் நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டது. அடுத்த சில நாட்களில் சேனல் தீவுகளும் ஜெர்மனி கையில். வெங்காயம் வரும் வழி ஒரே மாசத்தில் மூடிவிட்டது.

'சரி, நாமே போட்டுக்கலாமே' என்று தோன்றும் இல்லையா? இங்கேதான் காலண்டர் குறுக்கே நிற்குது. இங்கிலாந்தில் வெங்காய விதையை பிப்ரவரி, மார்ச்சில் போட வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் பிடுங்கலாம். ஜூன் கடைசியில் வழி அடைபட்டால் அந்த வருஷத்து விதைப்புக்கு ஏற்கெனவே மூன்று மாதம் தாமதம். நாடு முழுக்க எத்தனை மண்வெட்டி இருந்தாலும் ஒன்றும் பண்ண முடியாது.

அதனால் 1940-41 குளிர்காலத்தில் வெங்காயம் ஒரு அதிசயப் பொருளாக மாறியது. குலுக்கல்களில் ஒற்றை வெங்காயத்தைப் பரிசாக வைத்தார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனா 2019 டிசம்பரில் நம்ம ஊரில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டினபோது வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று யோசித்துப் பாருங்க.

எங்க தொழிலில் லேட்டன்சி என்று ஒரு வார்த்தை உண்டு. நீங்க ஒரு பட்டனை அழுத்துவதற்கும் பதில் வருவதற்கும் இடையில் ஆகும் நேரம். ஒரு வெப்சைட் மூணு செகண்டு எடுத்தாலே நாம திட்டுகிறோம். வெங்காயத்தின் லேட்டன்சி ஆறு மாதம்.

ஏப்ரலில் ஏன் பசி?

வெங்காயம் ஒரு பயிரின் கதை. இதைவிடப் பெரிய பிரச்சினை மொத்தத் தோட்டத்துக்கும் இருந்தது.

புதிதாகத் தோட்டம் போடுபவர் என்ன செய்வார்? வசந்தம் வந்து வெயில் அடித்தவுடன் விதை வாங்குவார். பட்டாணி, பீன்ஸ், லெட்டூஸ், தக்காளி. ஜூலை, ஆகஸ்டில் எல்லாம் ஒரே நேரத்தில் காய்க்கும். தானும் சாப்பிட்டு, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து, அதற்கு மேலும் மிச்சமாகும். அக்டோபரில் உறைபனி விழும். நவம்பரில் தோட்டம் காலி. அதாவது கடையிலும் காய்கறி மலிவாகக் கிடைக்கும் மாதங்களில் நம்மிடம் குவிந்து கிடக்கும். கடையில் எதுவும் இல்லாத மாதங்களில் நம்மிடமும் ஒன்றும் இருக்காது.

இதில் ரொம்ப மோசமான காலம் நடுக் குளிர்காலம் என்று நினைப்போம். உண்மையில் அது ஏப்ரல், மே. குளிர்காலத்துக்காகச் சேமித்து வைத்த கேரட்டும் உருளைக்கிழங்கும் அப்போது தீர்ந்திருக்கும், அல்லது முளை விட்டிருக்கும். பனியைத் தாங்கி நின்ற கோஸ் வகைகள் பூத்து முற்றிவிடும். புதிதாகப் போட்டவை இப்போதுதான் இரண்டு இலை விட்டிருக்கும். வெளியே பார்த்தால் மரமெல்லாம் பச்சை, பூ பூத்திருக்கும். தட்டில் மட்டும் எதுவும் இல்லை. ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'பசி இடைவெளி'.

இதைத் தாண்ட வழி இருந்தது. பனியைத் தாங்கும் பயிர்கள் உண்டு: லீக்ஸ், கேல் கீரை, பிரசல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ், சவாய் கோஸ், ஊதா நிற ஸ்ப்ரௌட்டிங் பிராக்கலி. ஆனா அடுத்த மார்ச்சில் பிராக்கலி சாப்பிட வேண்டும் என்றால் இந்த ஏப்ரல், மே மாதத்தில் நாற்று விட வேண்டும். ஜூன், ஜூலையில் பறித்து நட வேண்டும். சாப்பிடுவதற்குப் பத்து மாதம் முன்னால், கோடையின் நடுவில், தோட்டம் நிரம்பி வழியும்போது, பஞ்ச மாதத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மனுஷ மனசுக்கு இது இயல்பாக வராது.

அரசாங்கம் இதைப் புரிந்துகொண்டது. 'டிக் ஃபார் விக்டரி' துண்டுப் பிரசுரங்களில் முதல் எண் கொண்டது, அந்த ஆறேகால் சென்ட் நிலத்துக்கான வரைபடம். நிலத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்றில் உருளைக்கிழங்கும் வேர்க் காய்களும், ஒன்றில் பட்டாணி, பீன்ஸ், வெங்காயம் மாதிரியான பயிர்கள், மூன்றாவதில் குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்குமான கீரை, கோஸ் வகைகள். அடுத்த வருஷம் பயிர்கள் இடம் மாறும். எந்தப் பயிரை எந்த மாதம் விதைக்க வேண்டும், எப்போது எடுக்கலாம் என்று அட்டவணையும் கொடுத்தார்கள். அதாவது, நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பசி மாதங்களுக்காகவே ஒதுக்கச் சொன்னார்கள். கோடைக்குப் போலவே குளிர்காலத்துக்கும் பயிர் செய்யுங்கள் என்று தனியாகச் சுவரொட்டியும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் குரல்

துண்டுப் பிரசுரத்தை எத்தனை பேர் படிப்பார்கள்? இங்கேதான் எங்க தொழிலின் தாத்தா ஒருவர் வருகிறார். செசில் ஹென்றி மிடில்டன். நாடு முழுக்க அவருக்குப் பெயர் 'மிஸ்டர் மிடில்டன்'. அவருடைய அப்பா நார்தாம்ப்டன்ஷரில் ஒரு பெரிய பண்ணை வீட்டில் தலைமைத் தோட்டக்காரர். மிடில்டன் 1930களிலேயே பிபிசி வானொலியில் தோட்டம் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். போர்க்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்த 'இன் யுவர் கார்டன்' நிகழ்ச்சியைச் சுமார் 35 லட்சம் பேர் கேட்டார்கள்.

அடிப்படையில் அவருக்குப் பூக்கள்தான் பிடிக்கும். வாரா வாரம் கோஸ் பற்றிப் பேச வேண்டி வந்தது. ஆனா வானொலிக்கு ஒரு வசதி இருந்தது. புத்தகம் மொத்த வருஷத்தையும் ஒரே நாளில் சொல்லிவிடும், நாம மறந்துவிடுவோம். வாராந்திர நிகழ்ச்சி இந்த வாரத்து வேலையை இந்த வாரம் சொல்லும். நம்ம வீடுகளில் பாட்டி "ஆடி பொறந்தாச்சு, அவரை ஊனு" என்று சொல்வதைத்தான் அவர் மைக்கில் சொன்னார். நகரத்து வாழ்க்கையில் அறுந்துபோன அந்தக் குரலை வானொலி திரும்பக் கொண்டுவந்தது. போர் முடிந்த 1945ஆம் வருஷமே, செப்டம்பரில், அவர் இறந்துபோனார்.

கணக்குப் பார்த்தால்

இப்போ நேர்மையாக ஒரு கேள்வி. இந்தத் தோட்டங்கள்தான் பிரிட்டனைக் காப்பாற்றினவா?

சுவரொட்டிகளைப் பார்த்தால் ஆமாம் என்று தோன்றும். தோட்டங்களிலும் அலாட்மென்டுகளிலும் வருஷத்துக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் விளைந்ததாக அப்போதைய மதிப்பீடு. பெரிய அளவுதான். ஆனா கப்பலில் வந்துகொண்டிருந்த 2 கோடி டன்னுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. தவிர, கோஸும் லீக்ஸும் வயிற்றை நிரப்பாது. வயிற்றை நிரப்பியது ரொட்டியும் உருளைக்கிழங்கும். அதற்குப் பண்ணைகளில் மேய்ச்சல் நிலத்தை உழுது கோதுமையும் உருளைக்கிழங்கும் போட்டார்கள். மிச்சத்தை மாலுமிகள் உயிரைக் கொடுத்து அட்லாண்டிக் வழியாகக் கொண்டுவந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தளம் இருந்தது: ரேஷன். 1940 ஜனவரி 8 அன்று பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரையில் ஆரம்பித்து இறைச்சி, தேயிலை, சீஸ் என்று நீண்டது. பணக்காரருக்கும் பாக்டரித் தொழிலாளிக்கும் அடிப்படை அளவு ஒன்றுதான். ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் போர் நடந்த வருஷங்களில் ரேஷனே போடவில்லை, வேண்டிய அளவு வாங்கலாம். காய்கறிக்கும் ரேஷன் கிடையாது. அந்த இடத்தைத்தான் தோட்டங்கள் நிரப்பின. வைட்டமின், ருசி, நாமும் ஏதோ செய்கிறோம் என்கிற தெம்பு. காய்கறி ஏற்றாமல் மிச்சமான கப்பலில் வேறு சரக்கு வந்தது.

அப்படியென்றால் தோட்டம் ஏன் சாத்தியமானது? விதை போட்டுப் பத்து மாதம் காத்திருக்கும்போது அந்தக் குடும்பம் பட்டினி கிடக்கவில்லை. காத்திருக்கும் காலத்தை ரேஷன் பார்த்துக்கொண்டது. இதை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாங்க.

அதே அமைச்சர், ரங்கூனில்

டார்மன் ஸ்மித் திரும்ப வருவார் என்று சொன்னேன் இல்லையா? 1940 மே மாதம் சர்ச்சில் பிரதமரானபோது அவருக்கு அமைச்சர் பதவி போச்சு. ஒரு வருஷம் கழித்து, 1941 மே மாதம், அவரை பர்மாவின் கவர்னராக அனுப்பினார்கள்.

பர்மா நமக்கு யார்? செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்கள், துறைமுகத்திலும் வயலிலும் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் என்று நம்ம ஆட்கள் நிறைய இருந்த நாடு. அதைவிட முக்கியமாக, நம்ம சோற்றுப்பானை. வங்காளம், சென்னை மாகாணம், திருவிதாங்கூர், இலங்கை எல்லாமே பர்மா அரிசியை நம்பி இருந்தன. இந்தியாவுக்கு மட்டும் வருஷத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வந்தது.

1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. கவர்னர் விமானத்தில் இந்தியாவுக்கு வந்து சிம்லாவில் தங்கினார். லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள், பெரும்பாலோர் கால்நடையாக. மலையிலும் காட்டிலும் பல்லாயிரம் பேர் செத்துப் போனார்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு. அரிசி நின்றுபோனது. பிரான்ஸ் விழுந்தபோது பிரிட்டனுக்கு வெங்காயம் போச்சு. பர்மா விழுந்தபோது நமக்குச் சோறு போச்சு.

பிரிட்டிஷ் இந்திய அரசாங்கமும் ஒரு இயக்கம் ஆரம்பித்தது: 'க்ரோ மோர் ஃபுட்'. அதிக உணவு பயிரிடுவோம். ஆனா நெல்லின் லேட்டன்சி தெரிந்ததுதானே? வங்காளத்தின் முக்கியமான ஆமன் நெல் நவம்பர், டிசம்பரில் அறுவடைக்கு வரும். 1942 அக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் அடித்து, நின்ற பயிர் நாசமானது. அடுத்த ஆமன் அறுவடைக்கு ஒரு முழு வருஷம் காத்திருக்க வேண்டும். இதற்கு முன்பே, ஜப்பான்காரன் வந்தால் பயன்படக் கூடாது என்று கரையோரத்தில் பல்லாயிரம் படகுகளை அரசாங்கம் பறித்திருந்தது. விலை தாறுமாறாக ஏறியது. 1943இல் வங்காளத்தில் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

அந்த விவசாயிகளுக்குப் பருவம் தெரியாதா? எந்த அமைச்சகத்தைவிடவும் நன்றாகத் தெரியும். அமர்த்தியா சென் 1981இல் எழுதிய புத்தகத்தில் காட்டியது இதைத்தான்: செத்தவர்களில் நிறையப் பேர் நிலமற்ற கூலிகள், மீனவர்கள், சிறு கைத்தொழிலாளர்கள். விலை ஏறிய வேகத்தில் அவர்கள் கூலி ஏறவில்லை. அவர்களிடம் போய் 'அதிகம் பயிரிடு' என்றால் எங்கே பயிரிடுவது? கல்கத்தாவில் முறையான ரேஷன் வந்ததே 1944 தொடக்கத்தில்தான்.

திருவிதாங்கூரில் மரவள்ளிக்கிழங்கு பெரிய அளவில் கைகொடுத்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போ அந்த சமஸ்தானத்தில்தான். அங்கே அதன் பெயர் மரச்சீனி. விளைய ஏறக்குறைய பத்து மாதம் ஆனாலும் அதற்கு ஒரு குணம் உண்டு: முற்றின பிறகும் உடனே பிடுங்க வேண்டியதில்லை, சில மாதம் மண்ணுக்குள்ளேயே விட்டு வைத்து, தேவைப்படும்போது தோண்டலாம். அந்த ஊர்ப் பெரியவர்கள் மரச்சீனியைப் பற்றிப் பேசும்போது வெறும் கிழங்கைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒரே பேரரசு, ஒரே போர், ஏறக்குறைய ஒரே முழக்கம். ஒரு இடத்தில் முழக்கத்துக்குக் கீழே ரேஷன் என்கிற தளம் இருந்தது. இன்னொரு இடத்தில் வெறும் முழக்கம். தோட்டம் போட்டுச் சாப்பிடலாம் என்று யார் சொன்னாலும் நான் இப்போ கேட்கும் கேள்வி, 'எவ்வளவு விளையும்' என்பது இல்லை. விளையாத மாதங்களில் யார் சோறு போடுவார்கள்?

என் மாடித் தோட்டம் பொழுதுபோக்குதான், அது கருகினால் கீழே கடை இருக்கு. அந்தக் கடை இருக்கிற தைரியத்தில்தான் நான் விதை போடுகிறேன் என்பது இந்த எபிசோடுக்குப் படித்த பிறகுதான் உறைத்தது. ஆடிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. இந்தத் தடவை விதை வாங்கும் முன்னால் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு அம்மாவிடம் காட்டினேன். அவங்க அதில் பங்குனியையும் சித்திரையையும் விரலால் தொட்டுக் காட்டி, "இங்க என்ன போடப் போற?" என்று கேட்டாங்க. அந்த இரண்டு கட்டமும் காலியாக இருந்தது. இப்போ அதில் தண்டுக்கீரை எழுதியிருக்கு. பெரிய தொட்டி ஒன்றில் மரவள்ளிக் குச்சியும் ஊனப் போகிறேன்.

உங்க வீட்டிலோ, தாத்தா பாட்டியிடமோ போர்க்காலத்து அரிசித் தட்டுப்பாடு பற்றி, பர்மாவிலிருந்து நடந்து வந்தது பற்றிக் கேட்ட கதைகள் இருந்தால் குரல் பதிவாக அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சேர்க்கிறேன்.